மாதிரியின் பெயரோடு அதன் ஃபிளாக் வரியும்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினத்தை ஒட்டிய கல்பாக்கம் கரையில், கோடையில் உச்சிவேளைக்குச் சற்று முன்பின்னாகக் கடற்காற்று புகும். கடலின் குளிர்ந்த காற்று சூடேறிய நிலத்தின்மேல் நகர, அதன் அடியில் கொந்தளிப்பான ஒரு படலம் உருவாகும். கரையோரத்தில் மெலிதாகத் தொடங்கும் அது, திருக்கழுக்குன்றம் பக்கமாக உள்ளே போகப் போகத் தடிக்கும். உயரத்தில் வெளியேறும் புகை இந்தப் படலத்தைத் தொட்டுவிட்டால் விரைவாகத் தரைக்கு இறங்கிவிடும். அணுமின் நிலையமும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் அமைந்த கரை இது என்பதால், இங்கே காற்றின் போக்கைக் கணிப்பது மக்கள் பாதுகாப்பைச் சேர்ந்த வேலை. டபிள்யூஆர்எஃப் வானிலை மாதிரி தரும் காற்றை ஃபிளெக்ஸ்பார்ட் துகள் மாதிரிக்குக் கொடுத்துக் கல்பாக்கம் ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரைகளை நம் வாசகர்கள் அறிவார்கள்.

இரண்டும் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டவை. மூலநிரலை இறக்கி நாமே கம்பைல் செய்துகொள்ள வேண்டியவை. டபிள்யூஆர்எஃப்-இல் கான்ஃபிகர் கட்டளையை ஓட்டி, கம்பைலருக்கான எண்ணைத் தேர்ந்தெடுத்தால் ஒரு அமைப்புக் கோப்பு உருவாகும். அதில் ஆப்டிமைசேஷன் ஃபிளாக்குகளுக்கென்று ஒரு வரி இருக்கும். நமக்கு வரும் கட்டுரைகள் கட்ட இடைவெளி எத்தனை கிலோமீட்டர், எல்லைப் படலத்துக்கு எந்தத் திட்டம், தொடக்கத் தரவு எங்கிருந்து என்று பக்கம் பக்கமாகச் சொல்கின்றன. அந்த ஒரு வரியைப் பற்றிப் பெரும்பாலும் பேச்சே இல்லை. அதுவும் மாதிரியின் ஒரு பகுதி என்பதே என் கருத்து.

டபிள்யூஆர்எஃப் இயல்பாக ஒற்றைத் துல்லியத்தில் ஓடுகிறது. ஒற்றைத் துல்லியத்தில் 1,67,77,216-உடன் 1-ஐக் கூட்டினால் அதே 1,67,77,216 தான் கிடைக்கும். பிறகு 1,67,77,216-ஐக் கழித்தால் விடை 0. முதலில் கழித்துவிட்டுப் பிறகு 1-ஐக் கூட்டினால் விடை 1. பள்ளிக் கணக்கில் இரண்டும் ஒன்றுதான், கணினியில் வரிசை மாறினால் விடையும் மாறும். அந்த வரிசையைத் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளக் கம்பைலருக்குக் கொடுக்கும் அனுமதிதான் ஃபாஸ்ட்-மேத். இது இல்லாதவரை, வெறும் வெக்டரைசேஷனுக்காக ஜிசிசி கம்பைலர் மிதவைப்புள்ளிக் கூட்டலின் வரிசையைத் தொடாது. இன்டெல் கம்பைலரோ நாம் எதுவும் கேட்காமலே வேக முறையில்தான் தொடங்குகிறது. துல்லிய முறையை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். ஒரே மூலநிரலை இரண்டு கம்பைலர்களில் கட்டி, ஃபிளாக் எதையும் மாற்றவில்லையே என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கட்டும் கணினியின் செயலிக்கு ஏற்ற கட்டளைகளைப் பயன்படுத்தச் சொல்லும் மார்ச்=நேட்டிவ் ஃபிளாக் இன்னும் நுட்பமானது. இது வேகத்துக்கு மட்டுமானது, கணக்கைத் தொடாது என்று பலரும் நம்புகிறார்கள். புதிய செயலிகளில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே அடியில் செய்து, ஒரே முறை மட்டும் முழுமையாக்கும் எஃப்எம்ஏ கட்டளை உண்டு. மார்ச்=நேட்டிவ் கொடுத்ததும் ஜிசிசி அதைப் பயன்படுத்தத் தொடங்கும்; இப்படி இணைப்பதற்கு ஜிசிசி-யின் இயல்பு அமைப்பிலேயே அனுமதி இருக்கிறது. அதனால் கடைசி இலக்கங்கள் மாறும். காட்டாங்கொளத்தூரில் ஓர் ஆய்வகக் கணினியில் கட்டிய நிரலைத் திருச்சி என்ஐடி-யின் பரம் பொருளுக்கு எடுத்துச் சென்றால், அந்தச் செயலிக்குத் தெரியாத கட்டளை என்று நின்றுவிடலாம். அங்கேயே மறுபடி கட்டினால் வேறு எண்களோடு ஓடலாம். நின்றுபோவது நல்லது, உடனே தெரிந்துவிடும்.

கடைசி இலக்கம்தானே என்று விட்டுவிட முடியுமா? அமெரிக்காவின் என்கார் நிலையத்தினர் சிஇஎஸ்எம் பருவநிலை மாதிரிக்கு ஒரு சோதனை முறையை உருவாக்கி 2015-இல் வெளியிட்டார்கள். தொடக்க வெப்பநிலையில் 10-இன் அடுக்கு -14 அளவுக்குச் சிறு அசைவு கொடுத்து, 151 ஓட்டங்களை ஓராண்டுக் காலத்துக்கு ஓட்டினார்கள். கம்பைலரையோ கணினியையோ மாற்றும்போது வரும் விடை அந்தக் கூட்டத்துக்குள் அடங்குகிறதா என்று பார்ப்பதே சோதனை. ஆர்கான் ஆய்வகத்தின் மிரா கணினியில் கட்டிய மாதிரி அதில் அடங்கவில்லை. தேடிப் பார்த்ததில் காரணம் எஃப்எம்ஏ. அதை அணைத்ததும் சோதனை தேறியது. மேக நுண்ணியற்பியல் பகுதியில் அதன் விளைவு தெரிந்ததாகப் பின்னர் காட்டினார்கள். தற்செயல் சிதறலும் ஒருபக்கச் சாய்வும் வேறு வேறு என்பதை நம் துறைக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வு வேறொன்றை நான் அறியேன்.

ஃபாஸ்ட்-மேத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. எண்ணல்லாத விடையோ முடிவிலியோ வராது என்று அது கம்பைலருக்கு வாக்குக் கொடுக்கிறது. காலப்படி பெரிதாகி மாதிரி வெடிக்கும்போது பிடிப்பதற்காக நாம் எழுதிவைத்த சரிபார்ப்புகளையே கம்பைலர் தேவையற்றவை என்று நீக்கிவிடலாம். 2023-இல் ஜிசிசி 13 வரும்வரை, இந்த ஃபிளாக்கோடு கட்டிய ஒரு பகிர்வு நூலகத்தை இணைத்தாலே போதுமாக இருந்தது: மிகச்சிறிய எண்களைப் பூஜ்யமாக்கும் அமைப்பு முழு நிரலுக்கும் பரவியது. பக்கத்து மேசைக்காரர் கட்டிய நூலகம் உங்கள் எண்களை மாற்றியிருக்கலாம் என்று பொருள். கிளாங் 19 கம்பைலர், ஃபாஸ்ட்-மேத்தையும் உள்ளடக்கிய தன் ஓஃபாஸ்ட் ஃபிளாக்கைக் கைவிடவேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்ததில் வியப்பில்லை.

வேகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9 நள்ளிரவையொட்டி மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட இரவில் தாமதமாக வரும் கணிப்பால் கோவளத்து மீனவருக்கும் கொக்கிலமேட்டு மீனவருக்கும் பயனில்லை. ஆனால் டபிள்யூஆர்எஃப் பெரும்பாலும் நினைவகத்துக்காகக் காத்திருக்கும் நிரல். கணக்கைத் தளர்த்துவதால் கிடைக்கும் லாபத்துக்கு வரம்பு உண்டு. டபிள்யூஆர்எஃப்-ஐ எழுதியவர்கள் ஜிசிசி-யின் ஃபோர்ட்ரான் கம்பைலரான ஜிஃபோர்ட்ரானுக்கு ஓ2-ஐயும் வெக்டரைசேஷனையும் வைத்துவிட்டு, சில கோப்புகளுக்கு மட்டும் வேண்டுமென்றே ஆப்டிமைசேஷனைக் குறைத்திருக்கிறார்கள். அனுபவத்தில் கற்று எழுதிய விதிகள் அவை. எல்லாக் கோப்புக்கும் ஓ3 என்று ஒரே வீச்சில் மாற்றும் மாணவர் அந்த அனுபவத்தையும் சேர்த்து அழிக்கிறார். எல்லா ஃபிளாக்கும் ஒரே தரத்தில் இல்லை என்பதும் உண்மை. ஜிஃபோர்ட்ரான் 10 முதல் தேவைப்படும் அலவ்-ஆர்கியுமென்ட்-மிஸ்மேட்ச், பழைய நிரலின் பிழைச்செய்தியை எச்சரிக்கையாகக் குறைப்பதோடு சரி.

மூன்று நாள் ஓட்டத்தில் கடைசி இலக்க வேறுபாடு இடிமேகங்களை வேறு இடத்தில் எழுப்பும். புயலின் பாதையைப் பொதுவாக அவ்வளவு அசைக்காது. ஆகவே, ஒரு திட்டம் இன்னொன்றைவிட மழையைச் சற்று நன்றாகப் பிடித்தது என்று வேறு வேறு கணினிகளில் கட்டிய ஒற்றை ஓட்டங்களை வைத்துச் சொல்லும் கட்டுரையை இனி இந்த இதழ் ஏற்காது.

அடுத்த இதழ் முதல், கம்பைலரின் பதிப்பு எண்ணும் முழு அமைப்புக் கோப்பும் இணைப்பாக வரவேண்டும். இணைத்த நூலகங்களை வேறொருவர் கட்டியிருந்தால் அவற்றின் ஃபிளாக்குகளும் வேண்டும். மார்ச்=நேட்டிவ் பயன்படுத்தியவர்கள் செயலியின் பெயரைக் குறிப்பிட்டு, எஃப்எம்ஏ இணைப்பை அணைக்கும் எஃப்பி-கான்ட்ராக்ட்=ஆஃப் கொடுத்துக் கட்டிய ஓர் ஓட்டத்தையும் ஒப்பிட்டுக் காட்டுங்கள். திட்டங்களை ஒப்பிடும் கட்டுரைகளில் தொடக்க நிலையைச் சற்றே அசைத்த சில ஓட்டங்களாவது இருக்கட்டும். கணினி நேரம் போதாத கல்லூரிக் குழுக்கள் கட்டத்தின் பரப்பைக் குறைத்துக்கொண்டு இதைச் செய்யலாம். அதற்காக மதிப்பீட்டில் குறை வைக்கமாட்டோம்.