சொல் மாறலாம், பொருள் மாறலாமா?



சொல்வளத்தில் தமிழுக்கு நிகரில்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆனால், ஆய்வேட்டைத் தமிழில் எழுத அமர்ந்ததும் அந்த வளமெல்லாம் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது? ‘எடுக்கப்பட்டது’, ‘செய்யப்பட்டது’ என்னும் இரண்டு சொற்களே பக்கத்துக்குப் பக்கம் வந்து நிற்கின்றன!

இடுக்கி மாவட்டத்து மறையூரைப் பாருங்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லம் அவ்வூருடையது. அதைப் பற்றி நம்மில் ஒருவர் எழுதினால், ‘கரும்பு எடுக்கப்பட்டது, சாறு எடுக்கப்பட்டது, அழுக்கு எடுக்கப்பட்டது’ என்று எழுதிவிடக்கூடும். கொட்டகையில் உழைப்பவரோ கரும்பை வெட்டுகிறார், சாற்றைப் பிழிகிறார், கொப்பரையில் காய்ச்சுகிறார், மேலே திரளும் அழுக்கை அகற்றுகிறார், பாகு பதம் கண்டதும் இறக்கி ஆற்றுகிறார், கையால் உருட்டுகிறார். ஒவ்வொரு வினைக்கும் ஒவ்வொரு சொல்! அவர் அகராதியைப் புரட்டவில்லை. வேலையை அறிந்திருக்கிறார், அவ்வளவே.

அவ்வூர்ச் சந்தனமும் அப்படித்தான். ‘கட்டை’ என்று எழுதிவிட்டால் போதுமா? மணமும் எண்ணெயும் நிறைந்த உட்பகுதி வைரம். அதைச் சூழ்ந்த மணமற்ற பகுதி வெளிறு. இரண்டையும் பிரித்துச் சொல்லாத ஆய்வு என்ன ஆய்வு?

இதைக் கேட்டதும் சிலர் மறு கோடிக்கு ஓடுவர். ஒரே சொல் மீண்டும் வந்தால் அழகு குன்றும் என்றஞ்சி, முதல் வரியில் விசை, அடுத்த வரியில் ஆற்றல், மூன்றாம் வரியில் திறன் என்று மாற்றி மாற்றி எழுதுவர். கவிதைக்கு அது அணியாகலாம், இயற்பியலுக்கோ பிழை! விசையை நியூட்டனிலும், ஆற்றலை ஜூலிலும், திறனை வாட்டிலும் அளக்கிறோம். மூன்றும் ஒன்றாகுமா?

இன்னொன்றும் எண்ணிப் பாருங்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில், கிலோகிராமில் அளப்பது நிறை. புவி அதனை ஈர்க்கும் விசை எடை. இலங்கைத் தமிழ்ப் பாடநூலிலோ முன்னது திணிவு, பின்னதுதான் நிறை! பாக் நீரிணைக்கு இக்கரையில் ஒரு பொருள், அக்கரையில் வேறு பொருள். இரு கரையிலும் படிக்கப்பட வேண்டிய கட்டுரையில் ‘நிறை’ என்று மட்டும் எழுதினால் யாருக்கு விளங்கும்? கலைச்சொல்லை முதற்பக்கத்திலேயே வரையறுத்து, இறுதிவரை மாற்றாது ஆளுவதே முறை. அது பத்து முறை வந்தாலும் குற்றமில்லை.

எனவே, வினைச்சொல்லில் வளம் காட்டுவோம். கலைச்சொல்லில் உறுதி காட்டுவோம். தமிழில் அறிவியல் எழுத இயலாது என்போர் இன்றும் உளர். அவர்களுக்கான விடை நம் ஏடுகளின் ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும்!