தடுப்பும் பங்கீடும்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. பொருட் செலவைப் பற்றிய அறிவுரையாகவே அதனைக் கொள்வது வழக்கம். வளவின் கோடியில் மண்ணுக்குள் மறைந்து கிடக்கும் மலக்கழிவுத் தொட்டிக்கும் அது பொருந்தும் என்பதைச் சென்ற மாரியிலேதான் நாம் கற்றுக்கொண்டோம்.

மன்னார்த் தீவில் நாம் குடியிருக்கும் வீட்டிலே நிகழ்ந்தது இது. நான்கு நாள் விடாமழை. மலசலகூடத்தில் ஊற்றிய நீர் இறங்க மறுத்தது. வளவின் கிழக்கு மூலையில் மட்டும் நிலம் ஊறிக் கசிந்து நாற்றம் வீசிற்று. மேசனை அழைத்து மூடியைத் திறப்பித்தோம். அவர் கண்ட குறைகள் இரண்டு. தொட்டியின் வெளிவாயில் இருந்த தடுப்பு உதிர்ந்து போயிருந்தது. அதற்கு அப்பால், கழிவுநீரை மூன்று குழாய்களுக்குப் பிரித்து விடும் பெட்டி ஒரு விரற்கடையளவு சரிந்திருந்தது. இவ்வளவுதான்.

இவ்வளவுதானா என்று அமைதியடைய இயலவில்லை. கசிந்த மூலையிலிருந்து அயல் வீட்டுக் கிணறு எட்டும் தூரத்திலேயே இருந்தது. அவ்வீட்டில் ஒரு கைக்குழந்தையும் உண்டு.

அற்பமாகத் தோன்றும் இவ்விரு உறுப்புகளும் செய்யும் பணி யாது? தொட்டிக்குள் சேரும் கழிவு மூன்று படையாகப் பிரிகின்றது. கனமானவை அடியிற் சேறாகப் படியும். கொழுப்பும் சவர்க்கார நுரையும் மேலே ஆடையாக மிதக்கும். நடுவே ஓரளவு தெளிந்த நீர் நிற்கும். இப்பிரிவுக்கு வேண்டியது அமைதி. உள்வாயில் உள்ள தடுப்பு, பாய்ந்து வரும் நீரைத் தடுத்துக் கீழ்நோக்கித் திருப்பி அதன் வேகத்தைக் கொல்கிறது. வெளிவாயில் உள்ளதோ மேலாடையை மறித்து, நடுப்படை நீரை மட்டுமே வெளியேற விடுகிறது. இத்தடுப்பு கொங்கிறீற்றாயின், தொட்டியில் எழும் கந்தக வாயு காலப்போக்கில் அமிலமாகி அதனை அரித்துவிடும். அது போய்விட்டால் கொழுப்பும் அழுக்கும் வெளியே சென்று உறிஞ்சு நிலத்தின் துளைகளை அடைத்துவிடும்.

பங்கீட்டுப் பெட்டியின் கடமை நடுநிலைமை. ஒரு வாயால் வாங்கிய நீரை எல்லாக் குழாய்களுக்கும் சமமாக வழங்க வேண்டும். அதற்கு வெளிவாய்கள் யாவும் ஒரே மட்டத்தில் இருத்தல் அவசியம். சிறிது சரிந்தாலும் தாழ்ந்த வாய் எல்லா நீரையும் இழுத்துக்கொள்ளும். மற்றவை வறண்டு கிடக்கும். நம் வீட்டில் நேர்ந்தது அதுவே. மூன்று பேர் சுமக்க வேண்டிய பாரத்தை ஒருவன் தலையில் ஏற்றினோம்; அவன் சரிந்தான்.

நீரை அடக்கி, அளந்து, பின்னரே விடுதல் வேண்டும் என்னும் அறிவு நம் நாட்டுக்குப் புதிதன்று. அருவியாற்று நீரைத் தேக்கம் அணையில் மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்பி, அங்கிருந்து துருசுகள் வழியே வாய்க்கால்களுக்கும் வயல்களுக்கும் பங்கிடும் மாவட்டமல்லவா இது? பழைய இலங்கைக் குளங்களின் கட்டுக்குள்ளே கல்லும் செங்கல்லும் கொண்டு கிணறு போன்ற சதுர அறை ஒன்றை அமைத்திருந்தனர். சிங்களத்தில் அதனைப் பிசோ கொட்டுவ என்பர். குளத்தின் பேரழுத்தம் வாய்க்காலை உடைத்துவிடாதபடி நீரை அடக்கி விடும் இடம் அது. நீர்ப்பாசனப் பொறியியலாளரான ஹென்றி பாக்கர், 1909இல் வெளிவந்த பண்டைய இலங்கை பற்றிய தமது நூலில் இதனை வியந்து விரித்துரைத்துள்ளார். குளத்துக்கு அத்தனை கவனம் செலுத்திய நாம், வீட்டுத் தொட்டியை மூடியிட்டு மறந்துவிடுகிறோம்.

தீவில் வாழ்வோர்க்கு இம்மறதி பெருங்கேடு. இங்குள்ளது மணல் நிலம். மணலில் நீர் விரைந்து இறங்கும். வடிபடுவதற்கு அவகாசம் போதாது. மாரியிலோ நிலத்தடி நீர் மேலெழுந்து காலடிக்கே வந்துவிடும். ஒரே இடத்தில் எல்லாக் கழிவையும் கொட்டினால், அது நேரே அந்நீரிற் கலக்கும். கிணற்றை ஆழமாக்கித் தப்பலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மழையால் சேர்ந்த நன்னீர், கனமான கடல்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய படையே. ஆழத் தோண்டினால் உப்புத்தான் கிடைக்கும்.

இலண்டன் மாநகரில் 1854இல் புரோட் வீதிக் கிணற்று நீரைக் குடித்தோர் வாந்திபேதியால் மாண்டனர். நோய்க்கு அந்நீரே காரணம் என்று காட்டியவர் ஜோன் ஸ்னோ என்னும் மருத்துவர். பின்னர் தோண்டிப் பார்த்தபோது, கிணற்றுக்கு மூன்று அடிக்கும் குறைந்த தூரத்தில் ஒரு வீட்டுக் கழிவுக்குழியின் செங்கற் சுவர் சிதைந்து கசிந்தது தெரிந்தது. அங்கும் காரணம் உதிர்ந்த சில கற்களே.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; உண்மை. ஆனால் கழிவிலிருந்து வரும் நைத்திரேற்று கொதிப்பால் அகலாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடவே செய்யும். அது மிகுந்த நீரில் பால் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் குருதி உயிர்வாயுவைச் சுமக்கும் வலுவிழந்து, உடல் நீலம் பாரிக்கலாம். ஆகவே கிணற்றைக் காப்பதே முறை.

செய்ய வேண்டியவை சில. மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கொரு முறை பவுசரை அழைத்துச் சேற்றை அகற்றுக. அவ்வேளை இரு தடுப்புகளையும் பார்க்கச் செய்க. உதிர்ந்திருந்தால் 'டீ' வடிவப் பி.வி.சி. குழாய் பொருத்தினால் போதும்; அதனை அமிலம் அரிக்காது. பங்கீட்டுப் பெட்டியில் ஒரு வாளி நீர் ஊற்றி, எல்லா வாய்களிலும் ஒப்ப ஓடுகிறதா என்று நோக்குக. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: தொட்டிக்குள் எவரும் இறங்கலாகாது, தலையை நீட்டவும் கூடாது. அங்குள்ள நச்சுவாயு கணத்தில் உயிரைக் கொள்ளும்.

நம் தொட்டியைச் சீர்செய்ய ஒரு பகலே பிடித்தது. அயலாரிடம் சென்று உண்மையைச் சொல்லும் துணிவு வரத்தான் ஓர் இரவு முழுதும் வேண்டியிருந்தது. படலையைத் திறந்து வந்த ஆச்சியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் சற்று நேரம் கிணற்றையே பார்த்து நின்றார். "தம்பி, சொல்லாமல் விட்டிருந்தால் அல்லவா கோபம்" என்றார். பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்து வந்து நீரைச் சோதிப்பிக்கும் வரை, குழந்தைக்கு வேண்டிய நீரை நாள்தோறும் வாங்கிக் கொடுத்தோம்.

வேலி நமக்கும் அயலாருக்கும் இடையே நிற்கின்றது. வேலிக்குக் கீழேயோ இரு வீட்டாருக்கும் உள்ளது ஒரே நீர்.