கட்டணமில்லா நாளில் அருங்காட்சியகம்

1977ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற பன்னாட்டு அருங்காட்சியக நாள், ஆண்டுதோறும் மே 18 அன்று கொண்டாடப்படுகிறது. அன்று இந்தியாவின் பல அருங்காட்சியகங்களில் நுழைவுக் கட்டணம் பெறப்படுவதில்லை. இலவசமாகக் கிடைப்பதை மக்கள் மதிப்பதில்லை என்பர் சிலர். அக்கூற்று ஏற்கத்தக்கதன்று. அங்குள்ள பொருள்கள் பொதுச்சொத்து. கட்டணத்திற்குத் தயங்கி வாயிலில் நிற்கும் குடும்பத்திற்கும் அவற்றைக் காணும் உரிமை உண்டு.

ஆயினும், ஒரே நாளில் எல்லாவற்றையும் காண விரைவோர் எதையும் முழுமையாகக் காண்பதில்லை. தில்லி தேசிய அருங்காட்சியகத்திலுள்ள மொகஞ்சதாரோ நடனமங்கையின் உயரம் ஏறத்தாழ 10.5 செ.மீ. மட்டுமே. முன்நிற்பவர் கைப்பேசியை உயர்த்தினால், பின்நிற்கும் சிறுமிக்கு அச்சிலை தென்படாது. அதே கட்டடத்தில் சோழர்கால நடராசர் திருமேனியும் உள்ளது. இரண்டிற்கும் இடையே மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இடைவெளி உண்டு. எனினும், மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி நீக்கி, உலோகத்தை ஊற்றும் வார்ப்புமுறை ஒன்றே. இவ்விரண்டை மட்டும் பொறுமையாகக் கண்டாலும் அந்நாள் பயனுடையதே.

கண்டபின் பிறருக்கு இடம்விட்டு விலகுதல் வேண்டும். அதுவே அந்நாளில் ஒவ்வொருவரும் செலுத்த வேண்டிய கட்டணம்.