பூஞ்சணம் பிடித்த கச்சான்

இடம்பெயர்ந்த குடும்பத்துக்கு ஒரு பிடி கச்சானும் பெறுமதியானது. பூஞ்சணம் பிடித்தாலும் வீச மனம் வராது. கழுவி வறுத்துத் தின்பதும், மிஞ்சியதைக் கோழிக்குப் போடுவதும் வழக்கம். இவ்வழக்கத்தை நாம் கைவிடவேண்டும்.

பூஞ்சணம் பங்கசு இனத்தைச் சேர்ந்த உயிர். பச்சையம் இல்லாததால் தன் உணவைத் தானே ஆக்காது. நூல்போன்ற இழைகளைப் பருப்பினுள் செலுத்தி உறிஞ்சும். மேலே தெரியும் பச்சைத் தூள் அதன் வித்திகளே. அசுப்பெர்சிலசு என்னும் பங்கசின் சில வகைகள் அபிளாட்டொக்சின் என்ற நஞ்சை உண்டாக்குகின்றன. 1960இல் இங்கிலாந்தில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. அவை தின்ற கச்சான் பிண்ணாக்கில் இந்நஞ்சு இருந்தமை பின்னர் தெரியவந்தது. மனிதருக்கு இது ஈரல் புற்றுநோயை உண்டாக்கும். கழுவினால் போகாது, வறுத்தாலும் முற்றாக அழியாது. மாட்டுக்குக் கொடுத்தால் பாலிலும் வரும்.

ஈரமே பூஞ்சணத்துக்கு வாழ்வு. எனவே பிடுங்கிய கச்சானை, குலுக்கினால் பருப்புக் கலகலக்கும்வரை காயவைப்போம். சாக்குகளை நிலத்தில் படாமல் பலகைமேல் அடுக்குவோம். சுருங்கிய, நிறம் மாறிய பருப்புகளைப் பொறுக்கிப் புதைப்போம்.

ஆனால் தறப்பாளின் கீழ் வாழ்பவரிடம் இதைச் சொன்னால் மட்டும் போதாது. உலர்த்த ஒரு களமும் அடுக்க நாலு பலகையும் கொடுப்பதும் நிவாரணமே. உதவ வருவோரிடம் இவற்றையும் நாம் கேட்போம்.