நான்காம் ஆண்டின் கனி



இவ்வாரத் தியானப் பகுதி: லேவியராகமம் 19:23-25

குளிர்நாடுகளில் பனி உருகி வசந்தம் பிறக்கும்போது வீட்டுத் தோட்டங்களில் பழச்செடிகளை நடுகிறார்கள். நமக்கோ பங்குனியும் சித்திரையும் குழி எடுத்து வெயிலில் ஆறப்போடும் மாதங்கள். ஆடியில் மழை இறங்கிய பின்புதான் கன்று மண்ணுக்குள் போகும். ஆகையால் எதை நடப்போகிறோம் என்று முடிவுசெய்ய வேண்டிய காலம் இதுவே. முள்ளுக்குறிச்சியிலும் மலைமேலும் சிறு நிலம் வைத்திருக்கும் உங்களோடு இதைக் குறித்து ஒரு காரியம் பேச விரும்புகிறேன்.

நம்மில் பலருக்குப் பழக்கமான விடை மரவள்ளி. பத்து மாதத்தில் கிழங்கு கிடைக்கும்; சேகோ ஆலை வாங்கிக்கொள்ளும்; பிள்ளையின் பள்ளிக் கட்டணம் கட்டப்படும். அதை நான் பழிக்கவில்லை. ஆயினும் சரிவான நிலத்தில் ஆண்டுதோறும் மண்ணைக் கிளறிக் கிழங்கைப் பிடுங்கினால், அடுத்த மழையில் மேல்மண் ஓடைக்குப் போய்விடுகிறது. அந்த மண் மலையேறித் திரும்பி வருவதில்லை.

கொல்லிமலையில் மிஷனரியாக ஊழியம் செய்து 1929ஆம் ஆண்டு காய்ச்சலால் மரித்த ஜெஸ்ஸி பிராண்ட் ஐயரை நீங்கள் அறிவீர்கள். 1914இல் பிறந்து, மலையில் வளர்ந்த அவருடைய மகன் பால் பிராண்ட், பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீர்ப்படுத்திய மருத்துவர். ஒரு கைப்பிடிச் சேற்றைக் குறித்து அவர் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. சிறுவனாக அவர் தோழரோடு நெல்வயலில் தவளை பிடித்து விளையாடியபோது ஒரு முதியவர் தடுத்து நிறுத்தினார். வரப்பைத் தாண்டிக் கலங்கி ஓடிய நீரைக் காட்டி, ஓடுவது நீர் மட்டுமல்ல, வரும் தலைமுறையின் சோறு என்று உணர்த்தினார். அந்த முதியவருக்கு வேளாண் பட்டம் இல்லை. வயலைப் பேரனுக்கு விட்டுச்செல்ல வேண்டும் என்ற நினைவு இருந்தது.

இப்போது வேதப் பகுதிக்கு வாருங்கள். கானானில் பழமரம் நட்டால் முதல் மூன்று ஆண்டுகள் அதன் கனியைப் புசிக்கலாகாது என்று கர்த்தர் கட்டளையிட்டார். நான்காம் ஆண்டின் கனி அவருக்குரியது. ஐந்தாம் ஆண்டில்தான் நட்டவன் புசிக்கலாம். காப்பி பயிரிடுவோருக்கு இந்தக் கணக்கு அந்நியமானதல்ல. காப்பியும் மிளகும் பலன்கொடுக்கத் தொடங்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். ஒட்டு நெல்லியும் அப்படியே. இளம் காப்பிச் செடி தன் பலத்துக்கு மீறிக் காய்த்தால் கிளைகள் நுனியிலிருந்து காய்ந்துபோகும். முதற்கனியை அவசரமாய் எடுக்காதிருப்பது செடிக்கும் நன்மை.

ஆனால் கட்டளையின் நோக்கம் செடியின் நன்மை மாத்திரம் அல்ல என்று நான் எண்ணுகிறேன். நட்டவன் தன்னை உடைமையாளனாகக் கருதும்முன் உக்கிராணக்காரனாகக் கற்றுக்கொள்ள வேண்டும். மூன்று ஆண்டுகள் எதிர்பார்ப்பின்றித் தண்ணீர் ஊற்றிய கையே நான்காம் ஆண்டில் கனியைக் கொடுத்துவிடத் துணியும்.

ஆகவே என் கருத்து இது. உங்களுக்கு ஐந்து சென்டு நிலமே இருந்தாலும், அதில் ஒரு பகுதியை நிலைத்து நிற்கும் கனிக்கு ஒதுக்குங்கள். மலைமேல் இருப்போர் நிழலில் காப்பியும், சவுக்கு மரத்தில் ஏற்றிய மிளகும் வைக்கலாம். அடிவாரத்தில் இருப்போர் நெல்லியும் களாவும் வைக்கலாம். காத்திருக்க இயலாதோருக்கு முசுக்கொட்டை உண்டு. குச்சி நட்டால் வேர்விடும், விரைவில் பழமும் தரும். சரிவுக்குக் குறுக்கே வரிசையாய் நட்டால் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மரவள்ளியை ஒரே நாளில் கைவிடச் சொல்லவில்லை. அது இவ்வாண்டின் தேவைக்கு. இது பிள்ளைகளின் காலத்துக்கு.

நான்காம் ஆண்டின் கனியை என்ன செய்வது? அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொண்டுவந்தால் சபை மகிழ்ச்சியோடு ஏற்கும். ஆயினும் அதிக விலைக்கு ஏலம் எடுக்கிறவருடைய பெயர் அங்கே பெரிதாகிவிடக்கூடும். ஆகையால் அதில் ஒரு பங்கை, நிலமே இல்லாத அயலகத்தார் வீட்டுக்கு ஓசையின்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள். அதே அதிகாரத்தின் 9, 10ஆம் வசனங்கள், வயலின் ஓரத்தையும் சிந்திய பழங்களையும் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடச் சொல்லுகின்றன. நான்காம் ஆண்டின் கட்டளையும் இதுவும் ஒரே கரத்திலிருந்து வந்தவை.

வயது அறுபதைக் கடந்தவர்கள், இனி நட்டு யார் புசிக்கப்போகிறோம் என்று கேட்கலாம். நீங்கள் இன்று பறிக்கும் பலாப்பழத்தின் மரத்தை நட்டவரும் அப்படிக் கேட்டிருந்தால் உங்கள் முற்றம் வெறுமையாய் இருந்திருக்கும்.

ஜெபம்: பரலோகத் தோட்டக்காரரே, பிடுங்குவதற்கு விரையும் எங்கள் கைகளுக்கு நட்டுக் காத்திருக்கும் பொறுமையைத் தாரும். நீர் தந்த மண்ணைக் காக்கவும், அதன் கனியை எளியவரோடு பகிரவும் கிருபை செய்யும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.