எதற்குப் பயந்து ஓடுகிறோம் என்றாவது சொல்லுங்கள்

எங்கள் பிள்ளைகள் எதைச் சுவாசித்து மயங்கினார்கள்? வடசென்னையின் திருவொற்றியூரில் இதைக் கேட்காத பெற்றோர் இல்லை. பதில் சொன்ன அதிகாரியைத்தான் காணோம்.

2024 அக்டோபர் 25. கிராமத் தெருவில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளி. வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்குத் தொண்டை கமறியது, மூச்சு முட்டியது, தலை சுற்றியது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். ஆம்புலன்ஸ் வந்தது, தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வண்டி வந்து நின்றது. பள்ளியை மூடினார்கள். தீபாவளி கழிந்து நவம்பர் 4 அன்று திறந்தார்கள். திறந்த அன்றே மறுபடியும் பிள்ளைகள் மயங்கினார்கள். வாயு பள்ளிக்குள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று பெரியவர்கள் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். இன்ன வாயு, இன்ன இடத்திலிருந்து வந்தது என்று பெற்றவர்கள் கையில் உறுதியான ஒரு பதிலைக் கொடுக்க யாருக்கும் வாய் வரவில்லை.

சுற்றியிருக்கும் ஆலைகள்தான் காரணம் என்று நாங்கள் தீர்ப்பெழுதவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மயங்கினால், வேறு ஊரில் காலையில் சாப்பிட்டாயா என்று கேட்பார்கள். இங்கே காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்க்கிறோம். மேற்கே மணலி: பெட்ரோலியச் சுத்திகரிப்பு, உரம், பெட்ரோ கெமிக்கல். வடக்கே எண்ணூர்: அனல்மின் நிலையச் சாம்பல், துறைமுகம், அமோனியா. மேற்குக் காற்று வந்தால் ஒரு நாற்றம், வாடைக் காற்று வந்தால் இன்னொரு நாற்றம். எந்த நாற்றத்துக்கு வீட்டுக்குள் இருக்கலாம், எதற்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009இலேயே மணலியைக் கடுமையாக மாசடைந்த தொழிற்பகுதிகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது. அந்தப் பட்டியலுக்குள்தான் நாங்கள் சமைக்கிறோம், தூங்குகிறோம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம்.

2023 டிசம்பர் மாதத்தை எப்படி மறப்பது? மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. வலையும் படகும் கறுத்துக் கிடந்தன. அதைத் துடைத்து முடிக்குமுன் 26ஆம் தேதி நள்ளிரவு வந்தது. கப்பலிலிருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்கு அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் என்று கரையோரக் குப்பங்கள் முழுக்க ஜனங்கள் தூக்கத்தில் மூச்சுத் திணறி எழுந்தார்கள். எச்சரிக்கை எதுவும் வரவில்லை, நாற்றம்தான் எங்களை எழுப்பியது என்றார்கள். கைக்குழந்தைகளோடும் நடக்க முடியாத கிழவிகளோடும் இருட்டில் சாலைக்கு ஓடி, கிடைத்த ஆட்டோவிலும் பைக்கிலும் ஏறினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தார்கள்.

பிறகு அளந்தார்கள். ஆலை வாயிலருகே காற்றில் கனமீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அமோனியா. இருக்க வேண்டிய வரம்பு 400. கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம்; வரம்பு 5. ஓடி முடித்த பிறகு அளந்த கணக்கு இது. படுக்கையில் கிடந்தவர்கள் எவ்வளவு சுவாசித்தார்கள் என்பதற்கு எந்தக் கருவியும் சாட்சி இல்லை. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுற்றுச்சூழல் இழப்பீடாக 5.92 கோடி ரூபாய் என்று கணக்குப் போட்டது. பெண்கள் ஆலைக்கெதிரே பந்தல் போட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்து, மூடு என்றார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயமோ உரிய துறைகளின் அனுமதி பெற்றுத் திறக்கலாம் என்று வழி சொன்னது. அனுமதி தரும் துறைகளின் வரிசையில் பெரியகுப்பம் இல்லை.

அமோனியா ஈரத்தைத் தேடிப் போகும் வாயு. கண்ணிலும் தொண்டையிலும் நுரையீரலிலும் ஈரம் இருப்பதால்தான் அங்கே எரிக்கிறது. நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும். காற்றோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும். இவ்வளவுதான் விஷயம். ஐந்து நிமிடத்தில் ஒரு பள்ளி முழுக்கச் சொல்லிவிடலாம். காற்றின் போக்கைப் பார்த்தே கடலுக்குப் போகும் ஜனங்களுக்கு இது புரியாதா? சொல்ல மனம் இல்லாமல் போனதுதான் குறை.

அதிகாரிகளே, ஆலைக்காரர்களே, சொல்வது உங்கள் கருணை இல்லை, சட்டம். 1984 டிசம்பரில் போபாலில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். எந்த வாயு, என்ன மருந்து என்று சரியாகத் தெரியாமலே டாக்டர்கள் தவித்தார்கள். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான ஆலை தன் அபாயங்களைத் தொழிலாளிக்கும் அக்கம்பக்கத்து மக்களுக்கும் தெரிவிக்க வேண்டும் என்று எழுதினார்கள். 1989இல் வந்த அபாயகர இரசாயன விதிகள், விபத்தானால் ஆலைக்கு வெளியே என்ன செய்வது என்று திட்டம் வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறையாவது ஒத்திகை வேண்டும் என்கின்றன. திருவொற்றியூரில் எந்தத் தெருவுக்கு வந்து, எந்தக் குப்பத்துப் பெண்களை அழைத்து, எந்தப் பள்ளி மைதானத்தில் அந்த ஒத்திகையை நடத்தினீர்கள்? ஆவணத்தில் கையெழுத்து இருக்கும். எங்கள் நினைவில் ஒரு சைரன் சத்தமாவது இருக்க வேண்டாமா?

2020 ஆகஸ்டில் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து பெய்ரூட் துறைமுகம் சிதறியபோதுதான், மணலியில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் 37 கன்டெய்னர்களில் ஏறத்தாழ 700 டன் அதே இரசாயனம் ஆண்டுக்கணக்கில் கிடப்பது எங்களுக்குத் தெரியவந்தது. அவசர அவசரமாக லாரிகளில் ஏற்றி ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் வீட்டுப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, கடல்தாண்டி லெபனானில் ஒரு நகரம் நொறுங்க வேண்டியிருந்தது.

"அங்கே யார் உங்களைக் குடியிருக்கச் சொன்னது?" என்று நகரத்துக்குள்ளிருந்து கேட்கிறீர்கள். சுந்தரர் வந்து சங்கிலியாரைக் கைப்பிடித்த ஊர் இது. தியாகராஜர் கோயிலுக்கு வயது ஆயிரத்துக்கும் மேல். ஆலைக்குப் போட்ட முதல் அஸ்திவாரத்துக்கு வெகுகாலம் முன்பே கட்டுமரம் ஏறிய குப்பங்கள் இவை. ஆலை வேலைக்கென்று பிறகு வந்து குடியேறியவர்களும் எங்கள் சொந்தங்கள்தான். தீப்பெட்டியும் டயரும் மோட்டார் சைக்கிளும் செய்த கைகள் அவர்களுடையவை. உங்கள் வண்டிக்குப் பெட்ரோலும் உங்கள் அடுப்புக்கு சிலிண்டரும் எங்கள் பக்கத்திலிருந்து வருகின்றன. மணலி வேண்டும், மணலிக் காற்று வேண்டாம் என்று நீங்கள் வாழலாம்; எங்களுக்கு அந்த வசதி இல்லை.

அதிகாரிகளே, நாங்கள் கேட்பது பெரிதில்லை. எந்த ஆலையில் எந்த இரசாயனம், எத்தனை டன் என்று வாயிலில் தமிழில் எழுதி வையுங்கள். கசிந்தால் ஊர் முழுக்கக் கேட்கும்படி சைரன் ஒலிக்கட்டும். பள்ளிக்கூட வாசலில் காற்றை அளக்கும் கருவி நிற்கட்டும். அதன் எண் எங்கள் கண்ணுக்குத் தெரியட்டும். எந்தப் பக்கம் ஓடுவது என்று பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். பாதுகாப்பு இல்லை என்று தெரிந்த ஆலையைத் திறக்குமுன் குப்பத்துக்கு வந்து எங்களிடம் கேளுங்கள்.

இதைச் செய்யாமல், அடுத்த கசிவுக்குப் பிறகு பிரெட் பாக்கெட்டோடும் நிவாரணத் தொகையோடும் கேமராவோடும் வராதீர்கள். ஆலைத் தொட்டியில் என்ன இருக்கிறது என்று எழுதிய காகிதத்தோடு இன்றைக்கு வாருங்கள்.