அந்தப் பொண்ணுக்குப் பேர் இல்லையா?

கறுப்பு வெள்ளை நிர்வாணப் படம் என்றதும் உங்களில் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டப் போகிறீர்கள். மீதிப் பாதி, யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுத் தொடரப் போகிறீர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்தே சொல்கிறேன். இந்தப் படங்களைப் பற்றி நாம் பேசும் பேச்சில் ஒரு பெரிய அநியாயம் இருக்கிறது. எடுத்தவர் மேதை, கலைஞர். எதிரே உட்கார்ந்தவர் 'அந்த மாதிரிப் பொண்ணு'. கொஞ்சம் நாகரிகமானவர்கள் 'மாடல்' என்பார்கள். அதுவும் மேஜை மேல் வைத்த பூ ஜாடிக்குத் தருகிற மரியாதைதான்.

ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்கரான எட்வர்ட் வெஸ்டன், கலிஃபோர்னியாவின் சான்டா மோனிகாவில் 1936-ல் எடுத்தது. ஒரு பெண் வாசலில் தரையோடு உட்கார்ந்திருக்கிறார். கால்களை மடக்கி, கைகளால் வளைத்து, தலையைக் கவிழ்த்திருக்கிறார். முகம் தெரியாது. பின்னால் முழு இருட்டு. உலகப் புகழ் பெற்ற படம். தலைப்பு? 'நிர்வாணம், 1936'. வருஷத்துக்கு இடம் இருக்கிறது, ஆளுக்கு இல்லை.

ஆஹா, என்ன போஸ், என்ன கற்பனை என்று வெஸ்டனைப் புகழ்வார்கள். அந்தப் பெண் கேரிஸ் வில்சன். நடந்ததை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். எதிரே சுள்ளென்று வெயில். கண் கூசியது. தலையைக் குனிந்தார். அப்படியே இருக்கச் சொன்னார் வெஸ்டன். அவ்வளவுதான் சார் கதை!

வெஸ்டனின் பெருமையைக் குறைக்கவில்லை. அந்த நொடியைப் பார்த்ததும் பிடித்துக்கொள்ள ஒரு கண் வேண்டும், அது அவரிடம் இருந்தது. ஆனால் போஸ் யாருடையது? வெயிலுக்குப் பதில் சொன்ன உடம்பு யாருடையது?

இங்கே கொஞ்சம் தொழில் பேசியாக வேண்டும். கறுப்பு வெள்ளையில் தோலுக்கு நிறம் கிடையாது. வெளுப்புக்கும் கறுப்புக்கும் நடுவே சாம்பலில் பல படிகள், அவ்வளவே. நேர் எதிரே ஃப்ளாஷ் அடித்தால் ஆள் சப்பாத்தி மாதிரி தட்டையாகிவிடுவார். வெளிச்சம் பக்கவாட்டிலிருந்தோ மேலிருந்தோ சரிந்து விழுந்தால்தான் ஒரு ஓரம் பளிச்சிட்டு, மறு ஓரம் நிழலுக்குள் போகும். தோள் உருண்டையாகத் தெரியும், முதுகெலும்பு கோடாக எழும். இதில் ஒரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. விளக்கை ஓரடி நகர்த்துவதும், மாடல் தன் தோளை ஓரங்குலம் திருப்புவதும் நிழலுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். விளக்கை நகர்த்தினால் 'லைட்டிங் செய்தார்' என்கிறோம். தோளைத் திருப்பினால் 'சும்மா உட்கார்ந்திருந்தார்' என்கிறோம். இது என்ன கணக்கு?

வெஸ்டன் அந்தப் படத்துக்கு வைத்துக்கொண்டிருந்தது எட்டுக்குப் பத்து அங்குல ஃபிலிம் போடுகிற பெரிய கேமரா. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, கண்ணாடியில் தலைகீழாகத் தெரியும் உருவத்தைப் பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டும். பிறகு ஃபிலிம் சட்டத்தைச் செருக வேண்டும். செருகியதும் கண்ணாடியில் எதுவும் தெரியாது. லென்ஸ் என்ன பார்க்கிறது என்பது எடுப்பவருக்கே தெரியாத அந்த நேரம் முழுக்க, படத்தைக் காப்பாற்றி வைத்திருப்பது எதிரே இருப்பவர். முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தினால் போச்சு. அதே அளவில் நேரடியாகப் பிரின்ட் போடுவார் வெஸ்டன். அப்புறம் வெட்டி ஒட்டிச் சரிக்கட்டும் வேலையே இல்லை.

'காசு வாங்கிக்கொண்டுதானே உட்காருகிறார்கள்' என்று ஒரு வாதம் வரும். சினிமா ஒளிப்பதிவாளரும்தான் வாங்குகிறார். அவர் பெயரை எடுத்துவிடுவோமா? 'பேர் வெளியே வருவதை அவர்களே விரும்ப மாட்டாங்க' என்று இன்னொரு வாதம். இதில் நியாயம் உண்டு. பெயர் தெரிந்தால் ஊர் சும்மா விடாது. ஆனால் மறைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். கேட்டீர்களா?

பாரிஸில் மான் ரே 1924-ல் ஒரு பெண்ணின் முதுகைப் படம் எடுத்து, அதில் வயலினின் இரண்டு துளைகளை வரைந்து சேர்த்தார். பிரமாதமான விளையாட்டு. 2022-ல் அதன் ஒரு பிரின்ட் 1.24 கோடி டாலருக்கு ஏலம் போனது. அந்த முதுகுக்குச் சொந்தக்காரர் கிகி என்கிற ஆலிஸ் ப்ரான். ஓவியம் வரைந்தவர், பாடியவர், 1929-ல் தன் கதையைப் புத்தகமாகவே எழுதியவர். வறுமையில் 1953-ல் செத்துப்போனார்.

கேரிஸ் வில்சனும் வெறும் மாடல் இல்லை. 1937-ல் கூகன்ஹைம் நிதியுதவி பெற்ற முதல் புகைப்படக்காரர் வெஸ்டன். அதற்கான விண்ணப்பத்தை எழுத உதவியவர் கேரிஸ். அந்தப் பணத்தில் ஊர் ஊராகப் போனபோது, வண்டி ஓட்டத் தெரியாத வெஸ்டனை உட்காரவைத்து காரை ஓட்டியவரும் அவரே. பயணக் குறிப்புகள் எழுதியதும் அவர். 1940-ல் வந்த 'கலிஃபோர்னியா அண்ட் த வெஸ்ட்' புத்தகத்தில் படங்கள் வெஸ்டனுடையவை, எழுத்து கேரிஸுடையது. 1998-ல் தன் நினைவுகளைத் தனிப் புத்தகமாக்கினார். 2009-ல், 95 வயதில் காலமானார்.

இந்த லட்சணத்தில் இன்னும் 'கையை இப்படி வை, இடுப்பை அப்படித் திருப்பு' என்று படம் போட்டுச் சொல்லித்தருகிற புத்தகங்கள் விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன. வாங்குகிறவர்களே, பாதி நேரத்தை உங்கள் விளக்குக்குக் கொடுங்கள். மீதியில் எதிரே இருப்பவரிடம் கண் கூசுகிறதா, குளிர்கிறதா, கால் மரத்துவிட்டதா என்று கேளுங்கள். படம் எடுத்ததும் அவருக்குக் காட்டி, எது சரியில்லை என்றும் கேளுங்கள்.

1936-ன் அந்தப் படத்தில் இருவருக்குமே திருப்தி இல்லை. வலது கையில் விழுந்த நிழல் வெஸ்டனை உறுத்திக்கொண்டே இருந்தது. கேரிஸுக்கு உறுத்தியது வேறு: தலையில் வகிடு கோணல், ஹேர்பின் வேறு தெரிகிறது.